கிராஸ் ஸ்டிட்ச் தொடங்க என்னென்ன வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

X வடிவத் தையல்களால் கட்டம் கட்டமாகப் படம் தைக்கும் கிராஸ் ஸ்டிட்ச்சைக் கற்கத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் வாங்குவது நூல் பெட்டி. 100 நிறங்கள் வரிசையாக அடுக்கி இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை போகத்தான் செய்யும். ஆனால் அதில் முக்கால்வாசி நூல் இரண்டு வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும். முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது எந்தப் படம் என்பதைத்தான். அடுத்து துணி. துணியின் கவுண்ட், அதாவது ஒரு அங்குலத்தில் எத்தனை கட்டம் என்பது தெரிந்துவிட்டால் ஊசி எண்ணும், ஆறு இழை கொண்ட நூலில் எத்தனை இழையைப் பிரித்துக் கோர்ப்பது என்பதும் தானாக முடிவாகிவிடும். நூலை அந்தப் படத்துக்கு வேண்டிய நிறங்களில் மட்டும் வாங்கினால் போதும்.

படம் என்றால் சார்ட். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும், ஓரத்தில் எந்தக் குறியீடு எந்த நிறம் என்ற பட்டியல் இருக்கும். பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு, நடுவைக் காட்ட நான்கு பக்கமும் அம்புக்குறி. இவை இல்லாத சார்ட்டை ஒதுக்கிவிடுங்கள், எண்ணி எண்ணியே கண் போய்விடும். முதல் வேலைக்கு 60க்கு 60 கட்டம், ஆறிலிருந்து பத்து நிறம் வரை போதுமானது. சின்னதாகத் தெரிந்தாலும் முழுக்க நிரப்பினால் அது 3600 தையல். மணிக்கு 100 தையல் போட்டால் 36 மணி நேரம்.

நிறங்கள் பெரிய திட்டுகளாக இருக்கிறதா என்று பாருங்கள். புகைப்படத்தை மென்பொருளில் கொடுத்து எடுத்த சார்ட்டுகளில் ஒரே நிறத்தில் ஒற்றைத் தையல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். நிறங்களும் நாற்பது ஐம்பது என்று போகும். ஒவ்வொரு தையலுக்கும் நூலை மாற்றி, பின்பக்கம் நுனியைச் செருகி, வெட்டி என்று பாதி நேரம் இதிலேயே ஓடிவிடும். முழு X-க்குப் பதில் அதன் ஒரு பகுதியை மட்டும் போடும் கால் தையல், முக்கால் தையல் கேட்கும் சார்ட்டும் முதலில் வேண்டாம். ஐடா என்ற கட்டம் கட்டமான துணியில் அதற்குக் கட்டத்தின் நடுவில் ஊசியைக் குத்தி ஓட்டை போட வேண்டியிருக்கும்.

துணி என்றால் தொடக்கத்துக்கு ஐடாதான். இதில் நூல்கள் கொத்துக் கொத்தாக நெய்யப்பட்டு, சின்னச் சின்னச் சதுரங்களாகவும் ஒவ்வொரு மூலையிலும் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையாகவும் இருக்கும். ஒரு சதுரம், ஒரு தையல். ஒரு அங்குலத்தில் எத்தனை சதுரம் என்பதுதான் கவுண்ட். எண் கூடக் கூடச் சதுரம் சின்னதாகும், படமும் சுருங்கும். மேலே சொன்ன 60 கட்டப் படம் 11 கவுண்ட்டில் சுமார் 13.9 செ.மீ. வரும்; 14இல் 10.9, 16இல் 9.5, 18இல் 8.5 செ.மீ.தான்.

முதல் துணி 14 கவுண்ட் என்பதில் யோசிக்கவே வேண்டாம். 11 கவுண்ட்டில் ஓட்டை பெரிது, தைப்பது எளிது, உண்மைதான். ஆனால் இரண்டு இழையில் தைத்தால் தையலுக்கு நடுவே துணி வெள்ளையாகத் தெரியும். மூன்று இழை போட்டால் நூல் சீக்கிரம் தீரும், வளைவுகளும் படிக்கட்டு மாதிரி நிற்கும். 18இல் வேலை நேர்த்தியாக வரும், ஆனால் ஓட்டையைத் தேடுவதே தனி வேலை. 16ஐ இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சில சார்ட்டுகளில் '28 கவுண்ட், இரண்டு இழைக்கு மேல்' என்று இருக்கும். அது ஈவன்வீவ் (நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே எண்ணிக்கையில் இழை ஓடும் துணி) அல்லது லினன் துணி. அங்கே சொல்வது நூலின் இழையை அல்ல, துணியின் நெசவு இழையை; அதில் இரண்டைத் தாண்டி ஒரு தையல் போடுவதால் படத்தின் அளவு 14 கவுண்ட் ஐடாவில் வருவது போலவே வரும். அந்தச் சார்ட்டை 14 ஐடாவில் தைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. புதியவர்கள் நேராக லினனுக்குப் போனால், ஒரு இழை தவறி எண்ணிவிட்டு, பத்து வரிசை கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

எவ்வளவு துணி வாங்குவது? கட்டங்களின் எண்ணிக்கையைக் கவுண்ட்டால் வகுத்து, நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விடுங்கள். 60ஐ 14ஆல் வகுத்தால் 4.3 அங்குலம், இரு பக்கமும் சேர்த்து 6 கூட்டினால் 10.3, பத்தரை அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். மூன்று அங்குலம் வீண் என்று தோன்றும். ஆனால் தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்துக்கு இடம் வேண்டும், பிறகு அட்டையில் மடித்து இழுத்து ஃபிரேம் போடவும் இடம் வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் கடைசியில் மடிப்பதற்குத் துணி எட்டாது, ஓரத் தையல்கள் சட்டத்துக்கு அடியில் மறைந்துவிடும்.

துணியின் தரத்தைப் பார்க்க ஒரு ஸ்கேல் போதும். நெடுக்கில் 70 சதுரம் எண்ணி அளந்து பாருங்கள், சரியாக ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். குறுக்கிலும் அப்படியே. ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் நாலே முக்காலும் வந்தால் அந்தத் துணியில் வட்டம் தைத்தால் முட்டை வடிவம்தான் வரும். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் சரியாகாது. பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில், திறந்து தெரிய வேண்டும். மலிவான துணிகளில் கஞ்சி அடர்ந்து சில ஓட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கும்.

விறைப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐடாவில் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் கஞ்சிதான், துவைத்ததும் இளகிவிடும். புதியவர்களுக்கு அந்த விறைப்பே உதவி, ஓட்டைகள் அசையாமல் நிற்கும். பாக்கெட்டில் மடித்து வந்த துணி என்றால் தைக்கத் தொடங்கும் முன்பே மடிப்பை இஸ்திரி போட்டு எடுங்கள். பல வருடம் மடிந்து கிடந்த கோடு முடிந்த வேலையின் குறுக்கே தெரிந்தால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. நிறம் வெள்ளை அல்லது இளம் க்ரீம். கறுப்புத் துணியில் படம் எடுப்பாக இருக்கும், ஆனால் ஓட்டையே தெரியாது. தைத்தே ஆக வேண்டும் என்றால் மடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால் ஓட்டைகள் வழியே வெள்ளை தெரியும்.

ஐடாவை வெட்டும்போது ஓட்டைகளின் ஒரே வரிசையில் கத்தரியை நேராகக் கொண்டுபோக வேண்டும். வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே போகும், அதனால் மிஷினில் ஜிக்ஜாக் தையலோ கையால் ஓரத்தைச் சுற்றி ஒரு தையலோ போட்டுவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டுவது சுலபம், ஆனால் பசை துணியில் தங்கி நாளாக நாளாகப் பழுப்பாகும். டேப் ஒட்டிய பகுதியைக் கடைசியில் வெட்டி எறிவதாக இருந்தால் மட்டும் ஒட்டலாம்.

நடுவைக் கண்டுபிடிக்கத் துணியை இரண்டாக, மறுபடி நாலாக மடித்துக்கொள்ளுங்கள். சார்ட்டில் இருப்பதுபோல் துணியிலும் பத்துச் சதுரத்துக்கு ஒரு கோடு இருந்தால் எண்ணுவதில் பாதித் தவறு குறையும். அந்தக் கோட்டை எதனால் போடுவது என்பதில்தான் நிறைய வேலைகள் பாழாகின்றன. தண்ணீரில் கரையும் பேனா சரிதான், ஆனால் துவைத்து மை முழுக்கப் போகும் முன் இஸ்திரி போட்டால் சூட்டில் அது துணியோடு தங்கிவிடும். சூட்டில் அழியும் ஜெல் பேனா இன்னும் மோசம். இஸ்திரி போட்டதும் மறைந்துவிடும், ஆனால் குளிர்ந்த இடத்தில் கோடு திரும்ப எழும். பேனாவே இல்லாமல் மெல்லிய நைலான் மீன்பிடி நரம்பை ஓட்டுத் தையலாகப் போட்டுவிடுவதுதான் நல்லது. சாதாரண நூலில் கட்டம் போட்டால் தைக்கும்போது ஊசி அதையும் குத்திச் செல்லும், பிறகு உருவ வராது. நரம்பை ஊசியால் குத்த முடியாது, வேலை முடிந்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

இனி நூல். கேட்க வேண்டியது ஆறு இழை கொண்ட பருத்தி எம்பிராய்டரி நூல். ஒரு கண்டு, அதாவது கடையில் கிடைக்கும் ஒரு நூல் சுருள், பொதுவாக 8 மீட்டர். டிஎம்சி, ஆங்கர் இரண்டும் எங்கும் அறியப்பட்ட நூல் கம்பெனிகள். பெரும்பாலான சார்ட்டுகள் இவற்றின் எண்களில்தான் நிறம் குறிக்கும். இந்த எண்ணை எழுத்துக்கு எழுத்து பார்த்து வாங்க வேண்டும். டிஎம்சியில் 310 என்றால் கறுப்பு. ஆங்கரில் கறுப்புக்கு எண் 403. அங்கே 310 கேட்டால் பழுப்பு நிறம் கொடுப்பார்கள். ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றின் எண்ணுக்கு மாற்றும் அட்டவணைகள் கிடைக்கும், ஆனால் அவை காட்டுவது நெருக்கமான நிறத்தை, அதே நிறத்தை அல்ல. முகம், வானம் என்று நான்கைந்து சாயல்கள் படிப்படியாக மாறும் இடத்தில் ஒன்று தப்பினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு படத்துக்கு ஒரே கம்பெனி நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்லாத பெரிய நூல் பெட்டிகளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், அன்பளிப்பாகக் கொடுக்கும் வேலைக்கு வேண்டாம். இழையின் பருமன் ஒரே சீராக இருக்காது, இரண்டு முறை இழுப்பதற்குள் பஞ்சு எழும். முக்கியமான சிக்கல் சாயம். வாங்கிய நூல் எதுவானாலும், சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் தைக்கும் முன் சோதித்துவிடுங்கள். ஒரு சின்னத் துண்டை நனைத்து வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் அழுத்தினால் தெரிந்துவிடும். பளபளப்பான ரேயான் நூல், ஜரிகை மாதிரியான மெட்டாலிக் நூல் இரண்டும் வழுக்கும், பிரியும், ஓட்டையில் உரசி நையும். அவற்றைத் தள்ளிப் போடுங்கள். பேர்ல் காட்டன் நூல் இழை பிரிக்க முடியாதபடி முறுக்கியது, அது வேறு வேலைகளுக்கு.

எத்தனை கண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டே வாங்கலாம். 8 மீட்டர் கண்டில் ஆறு இழை, ஆக மொத்தம் 48 மீட்டர் ஒற்றை இழை. 14 கவுண்ட்டில் இரண்டிரண்டாகத் தைத்தால் 24 மீட்டர். ஒரு முழுத் தையலுக்கு முன்பக்கம் இரண்டு சாய்வுக் கோடும் பின்பக்கம் இரண்டு சிறு கோடுமாக ஏறக்குறைய 9 மி.மீ. நூல் போகும். தொடக்கம், முடிவு, ஊசியில் மிஞ்சும் நுனி, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவது எல்லாம் சேர்த்து 13 மி.மீ. என்று வைத்தால் ஒரு கண்டுக்கு 1800 தையல் சொச்சம் வரும். எனவே 60க்கு 60 படத்தில் எந்த நிறமும் பெரும்பாலும் ஒரு கண்டைத் தாண்டாது. பின்னணி முழுவதும் ஒரே நிறம் என்றால் மட்டும் எண்ணிப் பார்த்து, வேண்டிய கண்டுகளை ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். சாயத் தொகுதி மாறினால் அதே எண்ணிலும் மெல்லிய நிற வேறுபாடு இருக்கலாம். தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் கோடு போட்ட மாதிரி தெரியும்.

கண்டைப் பிரிக்கும் முன் அதன் காகிதப் பட்டையை எறியாதீர்கள். எண் அதில்தான் இருக்கிறது. அட்டை பாபினில் சுற்றி எண்ணை எழுதி வைப்பவர்கள் உண்டு. சின்ன ஜிப் கவரில் பட்டையோடு போட்டு வைத்தாலும் அதே பயன்தான்.

நூலை 45 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீளமாக வெட்டினால் அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று ஒரு முழ நூலுக்குப் பதில் இரண்டு முழம் வெட்டத் தோன்றும். ஒவ்வொரு தையலுக்கும் நூல் ஓட்டையில் உரசிக்கொண்டே போகிறது, அதனால் நீள நூலின் கடைசிப் பாதி மங்கி, பஞ்சடைந்து, சிக்கும் விழும். இழைகளைப் பிரிக்கும் விதமும் முக்கியம். ஆறையும் இரண்டும் நாலுமாகப் பிரித்து இழுத்தால் நடுவில் முறுக்கிக்கொள்ளும். நுனியை இரண்டு விரலில் பிடித்து, ஒரே ஒரு இழையை மட்டும் நேர் மேலே உருவுங்கள். மற்றவை கீழே சுருங்கி நிற்கும், உருவியதும் தடவிவிட்டால் நேராகிவிடும். இப்படி ஒவ்வொன்றாக இரண்டு இழை எடுத்துச் சேர்த்துக் கோர்த்தால் தையல் தட்டையாகப் படியும், துணியையும் நன்றாக மூடும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும். அவ்வப்போது ஊசியைக் கீழே தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கு விட்டுவிடும்.

முடிச்சு போட வேண்டாம். துணிக்கு அடியில் முடிச்சு இருந்தால் ஃபிரேம் போட்ட பின் முன்பக்கம் மொட்டு மொட்டாகத் தெரியும். இரண்டு இழை வேலைக்கு எளிய வழி: ஒரே இழையை 90 செ.மீ. வெட்டி இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் சேர்த்து ஊசிக் காதில் கோருங்கள். மறுமுனை வளைவாக நிற்கும். முதல் பாதித் தையலைப் போட்டு ஊசி பின்பக்கம் வந்ததும் அந்த வளைவுக்குள் நுழைத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கம் மூன்று நான்கு தையல்களுக்கு அடியில் செருகி வெட்டினால் போதும்.

ஊசி விஷயம் சுருக்கமானது. முனை மழுங்கி, காது நீளமாக இருக்கும் டேபஸ்ட்ரி ஊசி வேண்டும். 14 கவுண்ட்டுக்கு 24ஆம் எண், 16க்கும் 18க்கும் 26, 11க்கு 22. எண் ஏற ஏற ஊசி மெலியும். ஊசி ஓட்டையில் லேசாக உரசிப் போக வேண்டும். தானாக நழுவி விழுந்தால் மெலிது, ஓட்டையை விரித்துக்கொண்டு போனால் பருமன். வீட்டிலிருக்கும் கூர்முனைத் தையல் ஊசியால் தொடங்கினால் அது ஓட்டையைத் தேடாது, துணி நூலையும் பக்கத்துத் தையலின் இழையையும் குத்திப் பிளந்துகொண்டு போகும். பிறகு ஒரு தையலைப் பிரிக்க வேண்டி வந்தால் நாலு தையல் நாசமாகும். நாலு ஊசி சேர்த்து வாங்குங்கள். கை வியர்வையில் முலாம் தேய்ந்து கறுத்த ஊசி துணியில் கறை விடும். எழுந்து போகும்போது ஊசியைப் படத்துக்குள் குத்தி வைக்காமல் ஓரத்தில் குத்தி வைப்பதும் இதற்காகத்தான், துருக்கறை துவைத்தாலும் போகாது.

வளையம் எனப்படும் ஹூப்பில் பலரும் 6 அங்குலம் வாங்குவார்கள். கைக்கு வசதிதான். ஆனால் 4.3 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் 6 அங்குலத்தைத் தாண்டுகிறது. படத்தின் நாலு மூலையும் வளையத்துக்குள் அடங்க 7 அங்குலம் வேண்டும். அடங்காவிட்டால் தைத்த இடத்தின் மேலேயே வளையம் அழுத்தி, தையல்கள் நசுங்கும். வாங்கும்போது திருகை இறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு வளையத்துக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே துணி தளரும். உள்வளையத்தைப் பருத்தி நாடாவால் சுற்றிவிட்டால் பிடிப்பு கூடும், தடமும் குறையும். அன்றைய வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். வாரக்கணக்கில் மாட்டியே வைத்தால் விழும் வட்டத்தில் அழுக்கும் சேர்ந்து நிரந்தரமாகிவிடும். விறைப்பான ஐடாவில் சின்ன வேலை என்றால் வளையமே இல்லாமல் கையில் பிடித்தும் தைக்கலாம், அப்படித் தைப்பவர்களும் நிறைய.

கத்தரி சின்னதாக, நுனி கூராக இருக்கட்டும். அதால் காகிதம் வெட்டாதீர்கள். வலக்கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால் கை நிழல் வேலையில் விழாது. ஊசி கோர்க்கும் கருவி, காந்த ஊசிதாங்கி, பூதக்கண்ணாடி, தரையில் நிற்கும் ஸ்டாண்ட் எல்லாம் பிறகு. எது இல்லாமல் உங்கள் கை கஷ்டப்படுகிறது என்று ஒரு படம் முடித்தால் உங்களுக்கே தெரியும்.

தனித்தனியாக வாங்க அலுப்பாக இருந்தால் கிட் வாங்கலாம், தவறில்லை. அட்டையில் நான்கு விஷயம் தேடுங்கள்: துணி 14 கவுண்ட்டா, துணியின் அளவு படத்தைவிட எவ்வளவு பெரிது, எத்தனை நிறம், நூல்களுக்குக் கம்பெனி எண் கொடுத்திருக்கிறார்களா. கடைசியானதைத்தான் எல்லாரும் பார்க்கத் தவறுகிறார்கள். 'நூல் 1, நூல் 2' என்று மட்டும் இருந்தால், பாதியில் நூல் தீரும்போது அதே நிறத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. துணியிலேயே படம் அச்சிட்ட கிட்களும் உண்டு. எண்ண வேண்டாம் என்பது வசதி. ஆனால் அச்சு பல நேரம் ஓட்டைகளோடு பொருந்தாது, கட்டத்தின் நடுவில் நிறம் மாறும். அங்கெல்லாம் அச்சை விட்டுவிட்டு ஓட்டையைப் பின்பற்றுங்கள். அச்சு மை தண்ணீரில் கரைவதாக இருந்தால் தைத்து முடிக்கும்வரை ஈரம் படக்கூடாது, துவைக்கும் முன் இஸ்திரியும் கூடாது.

முடிந்த வேலையை மிதமான சோப்புக் கரைசலில் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள், பிழிய வேண்டாம். சாயம் கசிவதைப் பார்த்தால் பதறி உலரப்போடக் கூடாது, உலர்ந்தால் கறை தங்கிவிடும். தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருங்கள். பிறகு வெள்ளைத் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, தடிமனான துண்டின் மேல் படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். நேராக முன்பக்கம் போட்டால் தையல்கள் அமுங்கித் தட்டையாகிவிடும்.